ஒரே சாலையில் இரண்டு நரசிங்கங்கள்

கொடைரோட்டில் ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் மலையைப் பார்த்தே திரும்புகிறார்கள். வடக்கே போகிறவர்கள் குறைவு. போனால் திண்டுக்கல், அதைத் தாண்டிக் கரூர் வழியில் தாடிக்கொம்பு, காவிரியையும் கடந்தால் நாமக்கல். இந்த ஒரே தடத்தில் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு சிற்பக் கூடங்கள் இருக்கின்றன.

நாமக்கல் நரசிங்கர் குடைவரை அதியர் மரபினர் 8ஆம் நூற்றாண்டில் குடைவித்தது. தாடிக்கொம்பு சௌந்தரராசப் பெருமாள் கோயிலின் மண்டபத் தூண்கள் விசயநகர, நாயக்கர் காலத்தவை. வைகுண்டநாதர், உலகளந்தவர், இரணியனைக் கிழிக்கும் நரசிங்கம் ஆகிய மூவரும் இரண்டு இடத்திலும் உண்டு. ஒரே ராகத்தை இரண்டு பாடகர்களிடம் கேட்கிற வாய்ப்பு இது.

பல்லவர், பாண்டியர், சோழர் செய்தது கலை, நாயக்கர் காலத்தது வெறும் கைவேலை என்ற பேச்சு நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. உள்ளூர்ப் பெருமையோ எதிர்க்கோடியில் நின்று, இதுபோல் உலகத்திலேயே இல்லை என்கிறது. இரண்டு கட்சியும் சிலையை நின்று பார்த்ததாகத் தெரியவில்லை.

வைகுண்டநாதரில் நாமக்கல் ஜெயிக்கிறது. அங்கே அரவணைமேல் அமர்ந்தவரிடம் ஓர் ஓய்வு இருக்கிறது. பாறைக்குள் ஏற்கெனவே இருந்தவர், நாம் வந்ததும் வெளிப்பட்டதுபோல. தாடிக்கொம்பில் அமர்வு சரி, அளவு சரி, நகையின் மணிமணியான வேலையும் சரி. ஆனால் பார்க்கிற கண் நகையிலேயே நின்றுவிடுகிறது, முகத்துக்குப் போவதில்லை. உலகளந்தவரிலும் அப்படித்தான். குடைவரைச் சிற்பிக்கு அகன்ற சுவர் கிடைத்தது; வாமனனையும் மாவலியையும் சேர்த்து முழுக் கதையையும் விரித்தான். தூண் சிற்பிக்குக் கிடைத்தது ஒரு கல்லின் அகலம். தூக்கிய கால் இருக்கிறது, அளக்க உலகம் இல்லை.

நரசிங்கத்தில் கணக்கு மாறுகிறது. நாமக்கல்லில் இரணியன் மடியில் குறுக்கே கிடக்கிறான். கோபம் முடிவாகிவிட்டது, இனி நடப்பது தண்டனை. தாடிக்கொம்பில் வதத்துக்கு முந்திய சண்டைக்கே தனித் தூண் உண்டு. இரண்டு உடல்களும் ஒன்றையொன்று பற்றித் திமிறுகின்றன. யார் பிடி நழுவும் என்பது தீராத நொடி அது. முடிவு தெரிந்த கதையில் முடிவு தெரியாத கணத்தைப் பிடிப்பது சின்ன வேலையில்லை.

கல்லின் கணக்கையும் பார்க்க வேண்டும். குடைவரையில் உருவத்துக்கு முதுகு மலைதான். விழுந்துவிடுமோ என்ற பயம் சிற்பிக்கு இல்லை. மண்டபத்தில் கூரைப் பாரம் தாங்கும் தண்டைப் பின்னால் விட்டுவைத்து, அதே கல்லிலிருந்து உருவத்தை முன்னே தள்ள வேண்டும். நீட்டிய கைக்கு அடியில் கல்லைக் குடைந்தெடுக்கும்போது ஓர் உளி தவறினால் தூணே வீண். பார்க்கிறவரும் வேறு. குடைவரையில் எதிரே நின்று பார்க்கிறோம். மண்டபத்தில் இரு வரிசைக்கு நடுவே நடந்துகொண்டே பார்க்கிறோம். நடக்கிறவரை நிறுத்த வேண்டிய சிலை கொஞ்சம் சத்தம் போடத்தான் செய்யும். அந்தச் சத்தத்தைக் குறையென்று எழுதுகிறவர், தெருக்கூத்தைக் கச்சேரி மேடைக்கான காதோடு கேட்கிறார்.

அதற்காக எல்லாவற்றையும் மன்னித்துவிட முடியாது. தாடிக்கொம்பின் ரதி, மன்மதன் தூண்களில் எனக்குத் தெரிவது சாமர்த்தியம் மட்டுமே. (நாயக்கர் காலத்துக் கோயில்களில் சிலையின் இடுக்கில் ஈர்க்குச்சியை நுழைத்துக் காட்டும் வழிகாட்டிகளுக்கு மட்டும் அது போதும்.) அகோர வீரபத்திரரும் அச்சுறுத்துவதைவிட ஆயுதக் கணக்கு ஒப்பிக்கிறார்.

ஆகவே என் தீர்ப்பு: அமர்ந்த கடவுளையும் உலகளந்தவரையும் செய்வதில் நாயக்கர் காலச் சிற்பி எட்டாம் நூற்றாண்டுக்காரனிடம் தோற்றுவிட்டான், மோதுகிற, ஆடுகிற கடவுளைச் செய்வதில் அவனை மிஞ்சியிருக்கிறான். சந்தேகப்படுகிறவர்கள் அதே மண்டபத்தில் ஊர்த்துவ தாண்டவத்தின் எதிரே நிற்கட்டும். செங்குத்தாகக் கூரையைத் தாங்கும் தண்டு பின்னால் அசையாமல் நிற்க, அதே கல்லின் முன்பாதி ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டிருக்கிறது.