பாதிப்பா, பழுதா?

கணினித் துறைச் செய்திகளைத் தமிழில் எழுதுவோர் தொகை பெருகி வருகின்றது. இது மகிழ்தற்குரிய வளர்ச்சி. ஆயினும் அவர்கள் ஆளும் சொற்களை உரைத்துப் பார்க்கும் கடமையினின்று ஆசிரியர்களாகிய நாம் நழுவலாகாது. சொல் பிழைத்தால் பொருள் பிழைக்கும். பொருள் பிழைத்தால் செயலும் பிழைக்கும். இதனை நான் பட்டறிந்தேன்.

எங்கள் தோட்டப் பள்ளிக்கு முன்னாள் மாணவர் சிலர் ஓர் இணையத்தளம் அமைத்துத் தந்தனர். வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளைக் கொண்டு அதனை ஆக்கியிருந்தனர். படங்களை அடுக்கிக் காட்ட ஒன்று, பெற்றோர் செய்தி அனுப்ப ஒன்று எனச் சில செருகுநிரல்களும் அதில் இருந்தன. ஒரு நாள் இளம் ஆசிரியர் ஒருவர் வந்து, "ஐயா, நம் தளத்திலுள்ள செருகுநிரல் ஒன்றில் பாதிப்பு இருப்பதாகப் படித்தேன்" என்றார். நான் தளத்தைத் திறந்து பக்கம் பக்கமாகப் பார்த்தேன். எல்லாம் வைத்தது வைத்தபடியே இருந்தன. "பாதிப்பு ஒன்றும் இல்லையே, தம்பி" என்று கூறி அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் கழிந்தது. பள்ளித் தளத்தைத் திறந்த பெற்றோர்முன் சூதாட்ட விளம்பரம் வந்து நின்றது. அயலார் நுழைந்த வழி அந்தச் செருகுநிரலே என்றும், திருத்திய பதிப்பு முன்பே வந்திருந்தது என்றும் பின்னர் அறிந்தோம். பிழை என்னுடையதே. ஆனால் அப்பிழைக்கு வழிவகுத்தது ஒரு சொல்.

'செருகுநிரல்' என்பது நல்ல ஆக்கம். முன்னரே அமைந்த தளத்துள் பின்னர்ச் செருகப்படும் நிரல் என்னும் பொருள் கேட்ட அளவில் விளங்குகின்றது. அதிலேயே ஓர் எச்சரிக்கையும் உண்டு. செருகப்படுவது பெரும்பாலும் பிறர் ஆக்கியது; ஆயினும் தளத்தின் உள்ளே நின்று இயங்குவது.

'பாதிப்பு' அத்தகையதன்று. வெள்ளத்தால் பாதிப்பு, வறட்சியால் பாதிப்பு என்கிறோம். நேர்ந்துவிட்ட தீங்கே பாதிப்பு. 'வல்னரபிலிட்டி' என்னும் ஆங்கிலச் சொல் குறிப்பதோ, தீங்கு நுழைதற்கு இடந்தரும் குறையை. காரணத்தைக் காரியத்தின் பெயரால் அழைத்துவிட்டோம். ஆகுபெயர் என்று இலக்கணம் காட்டி இதனைக் காக்க முயல்வாரும் இருக்கலாம். செய்யுளில் அஃது அழகாகலாம்; எச்சரிக்கையில் ஆகாது.

இரண்டு நிகழ்ச்சிகளைக் கொண்டு இதனை விளக்கலாம். 2020 செப்டம்பரில், 7 இலட்சத்துக்கு மேற்பட்ட தளங்களில் இடம்பெற்றிருந்த 'ஃபைல் மேனேஜர்' என்னும் செருகுநிரலில் ஒரு குறை வெளிப்பட்டது. மாதிரிக்கென அமைந்த கோப்பு ஒன்று, பெயரின் இறுதி மாற்றப்பட்டு, இயங்கும் கோப்பாக உள்ளே கிடந்தது. அதனை அழைக்க எவருக்கும் தடை இல்லை. கடவுச்சொல் அறியாத அயலாரும் தம் கோப்புகளைத் தளத்தில் ஏற்றி இயக்க முடிந்தது. திருத்திய பதிப்பு வருமுன்னரே தாக்குதல் தொடங்கிவிட்டது. ஈண்டுக் குறையும் உண்டு, பாதிப்பும் உண்டு.

மற்றொன்று 2024 நவம்பரில் வெளிவந்தது. 40 இலட்சத்துக்கு மேற்பட்ட தளங்களில் இருந்த 'ரியலி சிம்பிள் செக்யூரிட்டி', காவலுக்கென்றே ஆக்கப்பட்ட செருகுநிரல். கடவுச்சொல்லோடு இரண்டாவது சான்றும் கேட்கும் ஏற்பாடு அதில் இருந்தது. வந்த வேண்டுகோள் பொய்யாயின், சரிபார்க்கும் பகுதி 'பிழை' என்றே விடை கூறும். அவ்விடையைக் கேட்டு நிற்க வேண்டிய பகுதியோ, நில்லாமல் மேலே சென்று, வந்தவரை உள்ளே விட்டுவிடும். 'இவர் நம்மவர் அல்லர்' என்று வாயிற்காவலன் உரக்கச் சொல்லியும் கதவு திறந்துகொண்டது போல என்க. ஆயினும், அவ்வேற்பாட்டை இயக்கியிருந்த தளங்களுக்கே இவ்விடர் உண்டு. குறை பலரறிய வெளியிடப்பட்டபோது 9.1.2 என்னும் திருத்திய பதிப்பும் ஆயத்தமாக இருந்தது. அதனைத் தளங்களுக்கு நேரே செலுத்தவும் வேர்ட்பிரஸ் அமைப்பினர் முற்பட்டனர்.

இதனை '40 இலட்சம் தளங்களில் பாதிப்பு' என்று எழுதினால், அத்தனை தளங்களும் கொள்ளை போயின என்றன்றோ படிப்பவர் கொள்வர்? அன்றி, என்னைப் போல், தம் தளத்தில் தீங்கு ஒன்றும் காணாமல் வாளா இருந்துவிடுவர். முன்னது வீண் அச்சம். பின்னது வீண் துணிவு.

'பலவீனம்' என்பார் உளர். அது நோயாளியையே நினைவூட்டுகின்றது. 'பாதுகாப்புக் குறைபாடு' என்பார் உளர். அது பொருந்துமாயினும், பாதுகாப்புப் போதவில்லை என்றும் பொருள்பட நிற்கும். 'காப்புப் பழுது' என்பது என் கருத்து. கூரையில் பழுது என்றால், வீடு நனைந்துவிட்டது என்று எவரும் கொள்ளார். மழைக்குமுன் கவனிக்க வேண்டும் என்றே கொள்வர். பழுது என்றவுடன் 'பார்த்தல்' என்பது தானே வந்து நிற்கும். திருத்திய பதிப்பை ஏற்றுதல், பயன்படாத செருகுநிரலை அடியோடு நீக்குதல், ஆக்கியோர் கைவிட்டதை நாமும் கைவிடுதல் ஆகியவையே ஈண்டுப் பழுது பார்த்தல். பழுதானது இயங்காதே என்பார்க்கு ஒன்று சொல்வேன்: தாழ்ப்பாள் பழுதான கதவும் திறந்து மூடுகின்றதன்றோ?

இதனினும் தக்க சொல்லை அறிஞர் தருவாராயின் ஏற்க எனக்குத் தடையில்லை. இப்போது அவ்விளம் ஆசிரியர் வாரந்தோறும் எங்கள் தளத்தைப் பழுது பார்க்கிறார். 'பாதிப்பு' என்னும் சொல், தீங்கு நேர்ந்தபின் எழுதுதற்கு மட்டும் உரியதாக இருக்கட்டும்.