கண்டெடுத்த இடமும் பிறந்த இடமும்: இஸ்னிக் கலங்களுக்கு நேர்ந்த பெயர்க் குழப்பம்

பழங்கலம் ஒன்று கைக்கு வந்ததும் அதை ஆராய்வோர் இரண்டு கேள்விகளை எழுப்புகின்றனர். எங்கே செய்யப்பட்டது? எப்போது செய்யப்பட்டது? இவற்றுக்குத் தவறான விடை எவ்வளவு எளிதாகப் பிறக்கிறது, பிறந்தபின் எவ்வளவு காலம் உயிர் வாழ்கிறது என்பதை அறிய விரும்புவோர் உதுமானியப் பேரரசின் இஸ்னிக் கலங்களின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். ஒரே ஊரின் கைவேலை, நூல்களிலும் அருங்காட்சியகங்களிலும் நான்கு வேறு பெயர்களால் அழைக்கப்பட்டது. அந்த நான்கில் ஒன்றுகூட அதன் சொந்த ஊர்ப் பெயரன்று.

பண்டைய நிக்கேயா நகரமே இன்றைய இஸ்னிக். துருக்கியின் வடமேற்கே, புர்சாவுக்கு அருகில், ஏரிக்கரையில் அமைந்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் இங்குள்ள குயவர்கள் ஒரு புதிய கலவையைக் கையாளத் தொடங்கினர். குவார்ட்ஸ் கல்லின் பொடியே அதில் பெரும்பகுதி. அத்துடன் அரைத்த கண்ணாடியும் சிறிதளவு வெண்களிமண்ணும் சேர்ந்தன. அதன்மேல் வெண்பூச்சு, வெண்பூச்சின்மேல் ஓவியம், ஓவியத்தின்மேல் தெளிந்த மெருகு. சீனப் பீங்கானின் வெண்மையை எட்டவே இத்தனை முயற்சியும். பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் அது தன் முன்மாதிரியை மறந்து, தனக்கே உரிய வண்ணங்களோடு நின்றது.

இனிப் பெயர்களைப் பார்ப்போம். 1865 முதல் பாரிஸின் க்ளுனி அருங்காட்சியகம் ரோட்ஸ் தீவின் லிண்டோஸ் ஊரிலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட கலங்களை வாங்கியது. அவற்றிற் பெரும்பகுதி இன்று பாரிஸை அடுத்த எக்குவான் கோட்டை அருங்காட்சியகத்தில் உள்ளது. ரோட்ஸில் வாங்கியதால் ‘ரோட்ஸ் கலம்’ என்றனர். அத்தீவு 1522 முதல் உதுமானியர் ஆட்சியில் இருந்தது. கப்பலேறி வந்த தட்டுகளை அங்குள்ளோர் வீட்டுச் சுவர்களில் அழகுக்காக மாட்டி வைத்திருந்தனர் என்பதே உண்மை. ஊதாவும் சாம்பல் கலந்த பச்சையும் தீட்டிய கலங்களை ‘டமாஸ்கஸ் கலம்’ என்றனர். அந்நகரில் அதே நூற்றாண்டில் அதே சாயலில் ஓடுகள் செய்யப்பட்டதால் மயக்கம் நேர்ந்தது. மெல்லிய சுருள்கொடி வரைந்த கலங்களின் சில்லுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இஸ்தான்புல்லில் தங்கக் கொம்பு நீர்க்கரையை ஒட்டிக் கிடைத்தன. உடனே அவை ‘தங்கக் கொம்புக் கலம்’ ஆயின. செம்மண்ணால் ஆகி வெண்பூச்சின்மேல் நீலம் தீட்டிய இன்னும் பழைய வகை, மிலேட்டஸ் அகழாய்வில் கிடைத்ததால் ‘மிலேட்டஸ் கலம்’ ஆயிற்று.

இந்த நான்கு பெயர்களிலும் பிழை ஒன்றே. பொருள் கிடைத்த இடத்தையோ அதன் சாயலையோ சாட்சியாக நிறுத்தி, பிறந்த இடத்தைத் தீர்ப்பாக எழுதிவிட்டனர். ஹதீஸ் கலையில் பயின்ற வாசகர்களுக்கு இப்பிழையின் தன்மையை விளக்க வேண்டியதில்லை. அறிவிப்பாளர் தாம் நேரில் கேட்டவரா, கேட்டவரிடமிருந்து கேட்டவரா என்ற வினாவைத் தாண்டாமல் அங்கே எதுவும் ஏற்கப்படுவதில்லை. பழம்பொருள் வணிகர் கலம் பிறந்தபோது உடனிருந்தவர் அல்லர். தமக்கு அதை விற்றவரை மட்டுமே அவர் அறிவார்.

உடனிருந்த சாட்சிகள் எவை? மூன்று கலங்கள் தாமே பேசின. முதலாவது, நீல ஓவியம் தீட்டிய சிறு கூஜா. அதன் அடியில் உள்ள அர்மீனிய எழுத்துக்கள் குத்தாஹ்யாவைச் சேர்ந்த ஆபிரகாம் என்பவரை நினைவுகூர்ந்து 1510ஆம் ஆண்டைக் குறிக்கின்றன. இரண்டாவது, கழுத்து உடைந்த ஒரு குப்பி. அதிலும் அர்மீனிய எழுத்தே. 1529ஆம் ஆண்டும் குத்தாஹ்யாவின் பெயரும் அதில் உள்ளன. சுருள்கொடிக் கலங்களின் காலத்தை நிறுத்திக் காட்டியது இக்குப்பிதான். மூன்றாவது, பைத்துல் முகத்தஸில் குப்பத்துஸ் ஸக்ராவிலிருந்து வந்த மட்பாண்ட விளக்கு. ஹிஜ்ரி 956, ஜமாதுல் அவ்வல் (கி.பி. 1549) என்று அதன் அடிவிளிம்பில் எழுதப்பட்டுள்ளது. இஸ்னிக்கின் இறைநேசர் அஷ்ரஃப்ஸாதாவின் பெயரும், ‘முஸ்லி’ என்று தம்மை எளியவராகக் குறித்துக்கொண்ட ஓவியரின் பெயரும் அங்கே உள்ளன. சுல்தான் சுலைமான் அப்புனிதக் கட்டடத்தைப் புதுப்பித்த காலத்தை ஒட்டியது அது. மூன்றும் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன.

மண்ணால் ஆன விளக்கின் சுவர் ஒளியை வெளியே விடாது. கண்ணாடி விளக்கு செய்யும் பணியை அதனால் செய்ய இயலாது. ஆனால் அதன் அடியில் உள்ள அந்த ஒரு வரி, ‘டமாஸ்கஸ்’ என்று பிரிட்டிஷ் நூல்கள் எழுதிய குழுவின் காலத்தையும் ஊரையும் வெளிச்சத்துக்குக் கொணர்ந்தது.

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் ஆர்தர் லேன் 1957இல் எழுதிய கட்டுரையில் இம்மூன்றையும் நங்கூரமாக வைத்துப் பிற கலங்களை வரிசைப்படுத்தினார். கட்டடங்கள் அவ்வரிசைக்குத் துணை நின்றன. ஓடு சுவரில் பதிந்தது. சுவருக்குக் கல்வெட்டு உண்டு. 1557இல் நிறைவுற்ற சுலைமானிய்யா பள்ளிவாசலின் ஓடுகளில் தடித்த செந்நிறம் தோன்றுகிறது. ஆகவே அந்தச் சிவப்பு உள்ள தட்டை அதற்கு வெகுகாலம் முன்னால் வைக்க இயலாது. மரகதப் பச்சை அதன் பின்னர் வருகிறது. 1617இல் முடிந்த சுல்தான் அஹ்மத் பள்ளிவாசலை அடுத்த காலத்தில் சிவப்பு பழுப்பாக மங்குகிறது; வெண்மை சாம்பல் படிகிறது. அரண்மனை நிர்ணயித்த விலை செலவுக்கு ஈடாகாமற்போனது இத்தாழ்வுக்கு ஒரு காரணம். 1963 முதல் ஒக்தாய் அஸ்லானபா இஸ்னிக்கில் நடத்திய அகழாய்வு எஞ்சிய ஐயத்தையும் போக்கியது. சூளையில் கோணிப்போய் வீசப்பட்ட சில்லுகள் அங்கே கிடைத்தன. ‘மிலேட்டஸ்’ வகையும் அவற்றுள் இருந்தது. நல்ல கலத்தை எவரும் விலைகொடுத்துத் தொலைவுக்குக் கொண்டுபோவர். கெட்டுப்போன கலம் பிறந்த ஊரைவிட்டு நகராது. சூளைக்கழிவு சொல்லும் சாட்சியே வலுவானது என்பது இதனால்தான்.

இங்கே நாமும் நம்மைத் திருத்திக்கொள்ள வேண்டிய ஓரிடம் உண்டு. இக்கலங்களை ‘இஸ்லாமியக் கலை’ என்று பெருமையோடு பேசுகிறோம். அப்பேச்சில் தவறில்லை. ஆனால் அவற்றின் காலத்தை நமக்குச் சொன்ன மூன்று சாட்சிகளில் இரண்டு அர்மீனியக் கிறிஸ்தவர்களின் எழுத்து. அவ்விரண்டும் குத்தாஹ்யாவைக் கூறுகின்றன. எனவே இவ்வகைக் கலங்களுட் சில அந்நகரிலும் சுடப்பட்டன என்று கொள்ள இடமுண்டு. ‘ரோட்ஸ்’ என்ற பெயரைக் களைந்துவிட்டு, எல்லாவற்றுக்கும் ஆராயாமல் ‘இஸ்னிக்’ என்று எழுதுவோமானால், பழைய பிழையைப் புதிய பெயரில் செய்தவர்களாவோம். லேனே இதற்கு விலக்கல்லர். ஒரு கூஜாவின் அடியில் கண்ட பெயரைக்கொண்டு ஒரு முழுக் குழுவையும் ‘குத்தாஹ்யா ஆபிரகாம் கலங்கள்’ என்று அவர் வழங்கினார். ஒருவருடைய நினைவுக்கு எழுதிய வரியைப் பட்டறையின் முத்திரையாக நீட்டியது அவருடைய நுண்ணறிவுக்குப் பொருந்தாத தாவல். 1989இல் நூர்ஹான் அதாசோயும் ஜூலியன் ராபியும் வெளியிட்ட பெருநூல் அப்பெயரைக் கைவிட்டது சரியே.

போலிகளின் சிக்கலும் இதனோடு சேர்ந்ததே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வர்கள் இக்கலங்களைத் தேடத் தொடங்கியதும், பாரிஸில் சாம்சன் நிறுவனமும் ஃபிளாரன்ஸில் காந்தகள்ளி நிறுவனமும் அவற்றைப் பார்த்துச் செய்தன. காந்தகள்ளி தன் கலங்களில் சேவல் குறி இட்டது. குறி இருக்கும்வரை அது நகல். குறியைத் தேய்த்து அழித்தால் அது மோசடி. கையில் எடுத்துப் பார்ப்பவர் முதலில் அடியைத் திருப்ப வேண்டும். மெருகு படாத அடிவளையத்தில்தான் உடலின் மண் தெரியும். பின்னர் சிவப்பின்மேல் விரலை ஓட்ட வேண்டும். சிறந்த காலத்துச் சிவப்பு மெருகுக்கடியில் மேடாகத் தட்டுப்படும். வெப்ப ஒளிர்வுச் சோதனை கலம் கடைசியாகச் சுடப்பட்ட காலத்தை மதிப்பிடும். நேற்றையதையும் நானூறு ஆண்டுக்கு முந்தியதையும் அது பிரித்துக் காட்டும். 1540க்கும் 1560க்கும் இடையே தீர்ப்புச் சொல்ல அதனால் இயலாது. அந்த இருபதாண்டுக்குள் நுழைவதற்குக் கண்ணும் கல்வெட்டுமே வழி.

ஏலக்கூடங்களில் இக்கலங்கள் பெருந்தொகைக்கு விலைபோகின்றன. பெயர் மாறினால் விலை மாறுகிறது. ஆயினும் இங்கே இழப்பு பணத்தில் முடிவதன்று. ‘ரோட்ஸ்’ என்று எழுதியவர் முஸ்லியின் ஊரை அவரிடமிருந்து எடுத்துவிட்டார். சூளையின் வெப்பத்தில் வாழ்நாளைக் கழித்த ஓர் ஊர் மக்களின் உழைப்பு, அவர்கள் கண்டிராத ஒரு தீவின் கணக்கில் பல ஆண்டுகள் எழுதப்பட்டது. பொருளைச் சரியாக அடையாளங்காண்பது என்பது, உரியவருக்கு உரியதைத் திருப்பிக் கொடுப்பதாகும்.

நம் வீட்டு அலமாரியில் பாட்டனார் காலத்துப் பீங்கான் ஒன்று இருக்கலாம். அதன் அடியைத் தேய்த்துக் கழுவிவிடாமல், யார், எந்த ஊரில், எப்போது வாங்கினார் என்று வீட்டுப் பெரியோரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி அதனுள் இட்டு வைப்போமாக. தெரிந்ததைத் தெரிந்தது என்றும், கேள்வியைக் கேள்வி என்றும் பிரித்தே எழுத வேண்டும். பின்வருவோருக்கு அந்தத் தாள் கலத்தினும் அரியதாகலாம்.