நகைச்சுவையும் குரலும்: மனோரமாவின் கலை பற்றிய ஓர் ஆய்வு

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு, அவ்வூர் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென ஒரு பங்கு ஒதுக்கப்பட்டதைக் குறிக்கின்றது. கதையைக் குரலால் உணர்த்துவார்க்கு ஏழாம் நூற்றாண்டிலேயே நிலையான மதிப்பு இருந்தமை இதனாற் பெறப்படும். அத்தகைய மதிப்பு, நம் காலத்து நகைச்சுவை நடிகையரின் குரற்கலைக்குக் கிடைத்துள்ளதா என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

நகை தோன்றும் நிலைக்களன்களாக எள்ளலையும் இளமையையும் பேதைமையையும் மடனையும் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலுள் வகுத்தார். உள்ளத்துணர்வு புறத்தே புலப்படுதலே மெய்ப்பாடு. ஆயின், திரைநடிப்பை மதிப்பிடுவோர் பெரும்பாலும் முகத்தையும் உடலசைவையுமே நோக்குவர். குரலைத் துணைக்கருவியாகவே கொள்வர். இக்கொள்கை பொருந்தாது என்பதற்கு மனோரமாவின் கலைவாழ்வு தக்க சான்றாகும்.

1937இல் மன்னார்குடியில் பிறந்து பள்ளத்தூரில் வளர்ந்த இவர், நாடகமேடையில் பாடியும் நடித்தும் பயின்றவர். கொட்டகையின் கடைசி வரிசையில் இருப்பாரும் சிரிக்க வேண்டுமாயின், அவர் கண்ணுக்கு எட்டாத முகக்குறிப்பைக் குரலே கொண்டு சேர்த்தல் வேண்டும். இப்பயிற்சியோடு, 1958இல் வெளிவந்த 'மாலையிட்ட மங்கை' வாயிலாக அவர் திரைக்கு வந்தார்.

1968ஆம் ஆண்டுப் படங்கள் இரண்டை ஒப்பிடுவோம். 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் அவர் நாடகக்காரி ஜில்ஜில் ரமாமணி. தன் பெருமையைத் தானே பேசுமிடத்து நீண்டு ஒலிக்கும் குரல், நாயகனிடம் பரிவு காட்டுமிடத்துத் தணிந்து கனிகின்றது. பேதைமையால் எழுந்த நகை, அழுகைக்கு அணித்தாய் வந்து நிற்கின்றது. 'பொம்மலாட்டம்' படத்திலோ சென்னைப் பேச்சில் அமைந்த பாடலைத் தம் குரலிலேயே பாடினார். ஆங்கு மேலோங்குவது எள்ளல். 1986இல் 'சம்சாரம் அது மின்சாரம்' படத்தின் பணிப்பெண் கண்ணம்மாவிடம் அச்சென்னைப் பேச்சு, துணிவும் உரிமையும் உடைய ஒருத்தியின் மொழியாக வளர்ந்துள்ளது. எனினும், பிற்காலப் படங்கள் சிலவற்றில் உரத்துப் பேசுதலே நகையெனக் கொள்ளப்பட்டது. அக்குறை நடிகையைவிட உரையாடல் எழுதினோரையே பெரிதும் சாரும்.

முகமும் உடன் தோன்றியதால் அன்றோ மக்கள் நகைத்தனர் எனச் சிலர் வினவலாம். திரைப்பட உரையாடல்கள் வானொலியில் ஒலிச்சித்திரமாக ஒலிபரப்பப்பட்ட நாளில், முகம் காணாமலே மக்கள் கேட்டு நகைத்தனர். அதுவே இதற்கு விடை.

உடல் அறவே மறைந்து, குரல் மட்டும் எஞ்சும் கலை ஒன்று உண்டு; அதுவே கார்ட்டூன் படத்துக்குக் குரல் கொடுத்தல். மனோரமா அத்துறையால் பெயர் பெற்றவர் அல்லர். ஆயினும் அவர் ஆண்ட கருவி அதுவே. அமெரிக்காவில் ஜூன் ஃபோரே (1917-2017) என்னும் அம்மையார், 1959 முதல் 'ராக்கி' என்ற பறக்கும் அணிலுக்குக் குரல் தந்தார். வேறு பல கார்ட்டூன்களில் மூதாட்டியாகவும் சூனியக்காரியாகவும் பேசினார். அவற்றுட் பலவற்றில் அவர் பெயர் காட்டப்படவில்லை. 2012இல், தம் 94ஆம் அகவையில்தான், அவருக்கு எம்மி விருது கிடைத்தது.

மனோரமாவுக்கு 'புதிய பாதை' (1989) படத்துக்கெனத் தேசிய விருதும், 2002இல் பத்மஸ்ரீ பட்டமும் வழங்கப்பட்டன. 2015இல் அவர் மறைந்தபோது தமிழகமே 'ஆச்சி' என்று சொல்லி வருந்தியது. அவர் முகம் அறியப்பட்டதால் பெயரும் நின்றது. 2007இல் சுட்டி டிவி தொடங்கிய பின்னர், தமிழ் பேசும் கார்ட்டூன்களைக் கேட்டே ஒரு தலைமுறைக் குழந்தைகள் வளர்ந்துள்ளனர். அவர்களுக்குத் தமிழின் ஏற்ற இறக்கங்களைப் பழக்கிய பெண்டிர் பலரின் பெயரை நாம் அறியோம். கூத்துக் கலைஞரின் பாடங்களைத் தேடிப் பதியும் தமிழ்த்துறைகள், இக்குரற் கலைஞரின் பெயரையும் பயிற்சியையும் அவர்கள் வாழும் காலத்திலேயே பதிவு செய்தல் கடன். செப்பேட்டில் பாரதம் வாசித்தற்குரிய பங்கு நிலைத்தது. வாசித்தவர் குரலோ மறைந்தது. இன்று குரலைக் காக்கும் கருவி நம்மிடம் உண்டு. அதற்குரியார் பெயரையும் உடன் காத்தல் வேண்டும்.