பறையும் மின்கித்தாரும் ஒரே மேடையில்

இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியாலும் இசையமைப்பாளர் டென்மாவின் கூட்டுழைப்பாலும் உருவான ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு, 2018 சனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முறையாக மேடையேறியது. அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய ‘சாதி பேதமற்ற தமிழர்’ என்ற தொடரே இப்பெயருக்கு ஊற்று.

கானா, ராக், ராப் ஆகிய மூன்றும் இவர்தம் பாடல்களில் கலக்கின்றன. சாவு வீட்டிற்கென ஒதுக்கப்பட்ட பறை, இங்கே மின்கித்தாருக்கு இணையாக நிமிர்ந்து நிற்கிறது. துக்கத்தின் தாளம் உரிமையின் தாளமாவதை நாம் கேட்கிறோம். ஆண்களே கோலோச்சிய கானாவில் பெண்ணுக்கும் இடமுண்டென இசைவாணியின் குரல் நிறுவுகிறது. குறையும் உண்டு. சில பாடல்களில் முழக்கம் இசையை முந்துகிறது. கருவிகளின் பேரொலியில் சொல் அமிழ்கிறது. சொல்லுக்காகவே பிறந்த இசைக்கு இது சிறு இழப்பன்று.

நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பரில் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’, அடுத்த ஆண்டே மதுரைக்கும் கோவைக்கும் சென்றது. இத்தகைய மேடை நம் இண்டூர்ப் பக்கமும் வர வேண்டுமென விழைகிறோம். 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டிக் குடியிருப்புகள் சாதிவெறித் தீக்கு இரையானது இதே தருமபுரி மாவட்டத்தில்தான்.

நம் திருவிழாப் பவனிகளிலும் பறை முன்னே செல்வதுண்டு. அதை அடிப்பவர் விருந்துப் பந்தியில் எங்கே அமர்கிறார்? இக்கேள்வியை ஏற்க மறுக்கும் செவிக்கு எந்தக் கச்சேரியும் வெறும் இரைச்சலே.