ஏறிய ஏணியும் ஏறாத படியும்

தாராள வணிகம் ஏழை நாடுகளை வாழ வைக்குமா என்று பேசுவோர் அவசியம் படிக்க வேண்டிய நூல், கொரியப் பொருளாதார அறிஞர் ஹா-ஜூன் சாங் 2002இல் வெளியிட்ட 'கிக்கிங் அவே தி லேடர்'. தலைப்பிலுள்ள உவமை, ஜெர்மானியரான ஃபிரெடரிக் லிஸ்ட் 1841இலேயே கையாண்டது: மாடி ஏறியவன் ஏணியை எட்டி உதைக்கிறான். சான்றுகள் வலுவானவை. பின்னாளில் பிறருக்குத் தாராள வணிகம் போதித்த அமெரிக்கா, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆலைப் பொருள்களுக்குச் சராசரியாக 40 முதல் 50 சதவீதம் இறக்குமதி வரி போட்டுத்தான் வளர்ந்தது.

சரி, வரிச்சுவர் மட்டும் போதுமா? இங்கேதான் நூல் நமக்குப் பாதி வழியில் நின்றுவிடுகிறது. நாமும் சுவர் எழுப்பினோமே! அதற்குள் பிறந்த அம்பாசடர் பல்லாண்டுகள் பெரிய மாற்றமின்றி ஓடி, 2014இல் உத்தர்பாரா ஆலையோடு நின்றே போனது. கொரியாவும் சுவர் எழுப்பியது. ஆனால் சலுகை வாங்கிய கம்பெனி ஏற்றுமதி இலக்கை எட்டியாகணும் என்று கண்டிப்புக் காட்டியது. அப்படி வளர்ந்த ஹூண்டாய் 1998இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கமே வந்து கார் தயாரித்தது.

இடுப்பைவிட்டு இறக்காத குழந்தை நடை பழகாது. ஏணியை உதைத்தவர்களைக் கேட்பது நியாயம்தான். கிடைத்த படிகளில் நாம் ஏன் ஏறவில்லை என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.