ஒரு ஓட்டுக்கு ஐந்து பைசா

டெல்லிப் பல்கலைக்கழக மாணவர் சங்கத் தேர்தல் சமயத்தில் வடக்கு வளாகத்துப் பக்கம் போனால் தார்ச்சாலை கண்ணில் படாது. வேட்பாளர் பெயர் அச்சடித்த வண்ணத் துண்டுத்தாள்கள் செருப்புக்கடியில் சரசரக்கும். ஓடும் கார்களிலிருந்து கட்டுக்கட்டாக அள்ளி வீசுவார்கள். சுவர், தூண், பேருந்து நிறுத்தம் என்று பாக்கியில்லாமல் பெயர்கள். உற்றுப் பார்த்தால் பல பெயர்களில் ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருக்கும். நாளைக்கு நோட்டீஸ் வந்தால் ‘அது நான் இல்லை’ என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? வேட்பாளர் பட்டியலில் முதலில் வருவதற்காகப் பெயருக்கு முன்னால் ஆங்கில ‘ஏ’ ஒன்று கூட்டிக்கொள்பவர்களும் உண்டு. மாணவர்களின் கற்பனை வளம் இந்த ஒரு துறையில் வற்றியதே இல்லை.

இத்தனைக்கும் விதிப்படி அங்கே அச்சடித்த சுவரொட்டிக்கே அனுமதி கிடையாது. கையால் எழுதியது மட்டும்தான் ஒட்டலாம், அதுவும் ஒதுக்கிய இடத்தில். ஒரு வேட்பாளர் செலவிடக்கூடிய உச்சத்தொகை 5,000 ரூபாய். வாக்காளர்களோ 1 லட்சத்துக்கும் மேல். வகுத்துப் பார்த்தால் ஒரு வாக்காளருக்கு ஐந்து பைசாகூடத் தேறாது. ஐந்து பைசா நாணயம் 2011-இலேயே செல்லாமல் போய்விட்டது. வரம்பு மட்டும் 2006-இல் எழுதியபடி நிற்கிறது.

அந்த விதிகளை எழுதியது லிங்டோ குழு. கேரளப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன்பேரில் மத்திய மனிதவள அமைச்சகம் அமைத்த குழு அது. தலைவர், முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ. 2006 மே மாதம் அறிக்கை வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22-இல் அதை எல்லாக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் பின்பற்ற வேண்டுமென்று நீதிமன்றம் ஆணையிட்டது. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில், ஆகஸ்ட் 26-இல், உஜ்ஜயினி மாதவ் கல்லூரியின் பேராசிரியர் எச்.எஸ். சபர்வால் மாணவர் தேர்தல் தகராறில் நடந்த வன்முறையில் உயிரிழந்தார். தொலைக்காட்சி கேமராக்கள் இருந்த இடத்தில் நடந்த விவகாரம். குற்றம் சாட்டப்பட்டவர்கள் போதிய ஆதாரமில்லை என்று 2009-இல் விடுவிக்கப்பட்டார்கள்.

அந்தச் சாவை மறந்துவிட்டு இந்த விதிகளை எடைபோடக் கூடாது. வேட்புமனு முதல் முடிவு வரை 10 நாளுக்குள் எல்லாம் முடிய வேண்டும். மாணவரல்லாத யாரும் தேர்தலில் எந்த விதத்திலும் பங்கெடுக்கக் கூடாது. ஒலிபெருக்கி, வாகனம், விலங்குகள் பிரச்சாரத்துக்கு ஆகாது. சாதி, மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்கக் கூடாது. இவற்றில் எனக்கு மறுப்பில்லை. (விலங்குகளைத் தனியாகச் சொல்லித் தடுக்க வேண்டி வந்திருக்கிறது என்றால் எங்கோ யாரோ ஏறி வந்திருக்க வேண்டும்.) கால அளவைச் சுருக்கினால் பணமும் அடியாளும் புழங்கும் அவகாசம் சுருங்கும். கல்லூரித் தேர்தல் என்ற பெயரில் உள்ளூர்க் கட்சிக்காரரின் மைத்துனர் வந்து வாசலில் நிற்பதைத் தடுக்க எழுத்தில் ஒரு விதி இருப்பது நல்லதுதான்.

சிக்கல், யார் நிற்கலாம் என்று சொல்லும் இடத்தில் தொடங்குகிறது. இளங்கலை மாணவர் என்றால் வயது 17 முதல் 22. முதுகலை என்றால் 24, 25. ஆய்வு மாணவருக்கு 28. வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும். அந்த ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது. நிர்வாகிப் பதவிக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் போட்டியிடலாம். குற்ற வழக்கில் தண்டனை பெற்றவர் மட்டுமல்ல, விசாரணைக்கு உள்ளானவரும் நிற்க முடியாது. பல்கலைக்கழகத்தின் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகியிருந்தாலும் முடியாது.

இதை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தோடு வைத்துப் பாருங்கள். அங்கே பெரும்பாலான குற்றங்களுக்கு, இரண்டாண்டோ அதற்கு மேலோ தண்டனை அறிவித்தால்தான் தகுதி போகும். வழக்கு நடக்கிறது என்பதற்காக யாரும் மனுவைத் தள்ளுபடி செய்வதில்லை. சிறையில் இருந்தபடியே ஜெயித்து வந்தவர்கள் இருக்கிறார்கள். வயதும் அப்படித்தான். மக்களவைக்கு நிற்க 25 முடிந்திருக்க வேண்டும். முதுகலை மாணவர் ஒருவர் அதைத் தாண்டினால் சங்கத் தேர்தலுக்கு நிற்க முடியாது. நாட்டுக்குச் சட்டம் இயற்றத் தகுதி வந்த அதே வயதில், விடுதி மெஸ் கட்டணத்தைப் பற்றித் துணைவேந்தரிடம் பேசும் தகுதி போய்விடுகிறது.

வயதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒழுங்கு நடவடிக்கை விதியைப் பொறுக்க முடியாது. நான் படித்த கல்லூரியில் ‘சேர்மன்’ பதவிக்கு ஓட்டெடுப்பு கிடையாது, முதல்வர் பெயர் சொல்லுவார். எங்கள் விடுதியில் மூன்றாமாண்டு அண்ணன் ஒருவர், தண்ணீர்த் தொட்டியைக் கழுவி ஆறு மாதம் ஆயிற்று என்று நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். மறுநாள் தொட்டி கழுவப்பட்டது. அதற்கு மறுநாள் அவருக்கு மெமோ வந்தது, ‘அனுமதியின்றிக் கூட்டம் சேர்த்ததற்காக’. அவர் அதை மடித்து ரெக்கார்டு நோட்டுக்குள் வைத்துக்கொண்டு, “தொட்டி சுத்தமாயிடுச்சுல்ல, விடுடா” என்றார். அந்தக் கல்லூரியில் தேர்தல் நடந்திருந்தால் அவரைத்தான் எல்லோரும் நிறுத்தியிருப்போம். லிங்டோ விதிப்படி அந்த ஒரு தாள் போதும், மனு செல்லாது. மாணவர் சங்கம் யாரிடம் முறையிட வேண்டுமோ, அவர் கையிலேயே யார் முறையிடலாம் என்று தீர்மானிக்கும் பேனாவையும் கொடுத்திருக்கிறது இந்த விதி.

ஒரே முறைதான் என்ற கட்டுப்பாட்டுக்குச் சொல்லப்படும் நியாயம், சங்கத்தையே தொழிலாக்கிக்கொண்டு வருஷக்கணக்கில் கல்லூரியைவிட்டு நகராதவர்களைத் தடுப்பது. அதற்குத்தான் வயது வரம்பு இருக்கிறதே. தோற்றவரும் மறுபடி நிற்க முடியாது, நன்றாக வேலை செய்தவரும் மறுபடி நிற்க முடியாது என்றால், மறுபடி ஓட்டுக் கேட்டு வர வேண்டுமே என்ற அச்சம் யாருக்கு இருக்கும்?

பெரிய பல்கலைக்கழகங்களுக்கு மறைமுகத் தேர்தல் முறையையும் குழு முன்வைக்கிறது. கல்லூரிகளில் தேர்வான பிரதிநிதிகள் கூடிப் பல்கலைக்கழகத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். செலவு குறையும், கூட்டம் குறையும் என்பது கணக்கு. ஆயிரக்கணக்கானவர்களை விலைக்கு வாங்குவது கஷ்டம், நாற்பது பேரைப் பேருந்தில் ஏற்றிவிடலாம் என்பது இன்னொரு கணக்கு. சட்டமன்ற உறுப்பினர்களைச் சொகுசு விடுதியில் அடைத்துவைத்த கூவத்தூரைப் பார்த்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இனி, இந்த அறிக்கையின் விசித்திரமான கிளைக்கதை. நேர்மையாக நடக்கும் மாணவர் தேர்தலுக்கு முன்மாதிரியாகக் குழு எடுத்துக்காட்டியது ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தை. அங்கே தேர்தலை நடத்துவது நிர்வாகமல்ல, மாணவர்களே அமைக்கும் தேர்தல் குழு. மனு வாங்குவது, வாக்குச்சீட்டு எண்ணுவது, விதி மீறினால் கண்டிப்பது எல்லாம் அவர்கள்தான். வாக்களிப்புக்கு முன் ஓர் இரவு தலைவர் வேட்பாளர்கள் திறந்தவெளி மேடையில் ஏறி விவாதிப்பார்கள். எதிரிகளே கேள்வி கேட்பார்கள். விடியும் நேரம் வரை கூட்டம் கலையாது. பிரச்சாரம் என்பது பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தில் மெஸ் மெஸ்ஸாகப் போய்ப் பேசுவது, அறை அறையாகக் கதவு தட்டுவது, கையால் வரைந்த சுவரொட்டி. வாக்காளர்கள் சுமார் 8,000 பேர் என்பதால் அங்கே அந்த 5,000 ரூபாய் போதுமானதாகவே இருக்கிறது.

2008 அக்டோபரில் அதே பல்கலைக்கழகத்தின் தேர்தலுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. காரணம், லிங்டோ பரிந்துரைகளை மீறியது. மீண்டும் அங்கே ஓட்டுப்பெட்டி வைக்கப்பட்டது 2012 மார்ச்சில். நல்ல கையெழுத்துக்காரன் என்று பாராட்டிய மாணவனை, ‘நான்கு கோடு நோட்டில் எழுதவில்லை’ என்று மூன்றரை வருஷம் வகுப்புக்கு வெளியே நிறுத்தியது போல.

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் விதிமீறலுக்கு என்ன ஆனது? துண்டுத்தாள்கள் தொடர்ந்தன. 2024 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் சலித்துப்போய், அசிங்கப்படுத்திய இடங்களைச் சுத்தம் செய்யும்வரை ஓட்டு எண்ணக் கூடாது என்றது. செப்டம்பர் 27-இல் பதிவான ஓட்டுகள் நவம்பர் 25-இல்தான் எண்ணப்பட்டன. விதி எழுதி 18 வருஷத்துக்குப் பிறகு அதற்குப் பல் முளைத்தது, அதுவும் நீதிமன்றத்தின் வாயில். செலவுக் கணக்கை இரண்டு வாரத்தில் தராவிட்டாலோ, செலவு மிஞ்சினாலோ வெற்றி செல்லாது என்று அறிக்கையிலேயே இருக்கிறது. ஆனால் புகாரை விசாரிக்க வேண்டிய குறைதீர்ப்புக் குழுவின் தலைவர் மாணவர் நல டீன், நிர்வாகத்தின் ஊழியர். கூடவே ஒரு மூத்த ஆசிரியர், ஒரு நிர்வாக அதிகாரி, இறுதியாண்டு மாணவர் ஒருவர், மாணவி ஒருவர். ஐந்தில் மூன்று ஓட்டு ஒரே பக்கம்.

இங்கேதான் லிங்டோமீது எனக்கு உண்மையான வருத்தம். 2002-இல் குஜராத் சட்டமன்றம் கலைக்கப்பட்டதும் அவசரமாகத் தேர்தல் வேண்டுமென்று அழுத்தம் வந்தபோது, கலவரத்தில் வீடிழந்தவர்கள் ஓட்டுப்போடும் நிலை இல்லை என்று மறுத்து, டிசம்பரில் நடத்தியவர் அவர். ஆட்சியிலிருப்பவரின் கையில் விசில் இருந்தால் ஆட்டம் என்னவாகும் என்பது அவரைவிட வேறு யாருக்குத் தெரியும்? அவருடைய குழுவே வளாகத்தின் விசிலை டீனிடம் கொடுத்தது.

தேர்தலை நடத்தாமலே விட்டால் என்ன என்பதுதான் அறிக்கை விட்டுவிட்ட பெரிய ஓட்டை. கல்வியாண்டு தொடங்கி 6 முதல் 8 வாரத்துக்குள் நடத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நடத்தாத நிர்வாகத்துக்கு என்ன தண்டனை என்று எழுதவில்லை. சூழல் சரியில்லாத இடங்களில் தற்காலிகமாக நியமன முறையை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சந்தும் திறந்துவைத்திருக்கிறது. 2019-இல் அலகாபாத் பல்கலைக்கழகம் மாணவர் சங்கத்தையே எடுத்துவிட்டு மாணவர் மன்றம் ஆக்கியது. 2023-இல் ராஜஸ்தான் அரசு மாணவர் தேர்தலை ரத்து செய்தபோது காட்டிய காரணங்களில் ஒன்று, லிங்டோ விதிகள் மீறப்படுகின்றன என்பது. தேர்தலை ஒழுங்குபடுத்த எழுதியது தேர்தலை நிறுத்தக் காரணமாகிறது. தமிழ்நாட்டில் நம் கல்லூரிகள் பலவற்றில் அந்தச் சிரமம்கூட இல்லை. தேர்தலே இல்லாததால் விதிமீறலும் இல்லை. பேருந்து வழித்தடத்து மாணவர் தலைவனான ‘ரூட் தல’யைத் தேர்ந்தெடுக்க மட்டும் சென்னையின் 29சி பேருந்துப் படிக்கட்டு இருக்கிறது.

என் தீர்ப்பு இதுதான். 10 நாள் வரம்பு, வெளியாள் தடை, கையெழுத்துச் சுவரொட்டி இருக்கட்டும். செலவு வரம்பை வாக்காளர் எண்ணிக்கையோடு கட்டிவிட்டு, கணக்கைப் பலகையில் ஒட்டட்டும். ஒழுங்கு நடவடிக்கைத் தடையையும், விசாரணையில் இருப்பதாலேயே தகுதி போவதையும், ஒரே முறை விதியையும் நீக்க வேண்டும். தேர்தலை நடத்துவது மாணவர் தேர்தல் குழு. அப்பீல் போவது அந்தக் கல்லூரியில் சம்பளம் வாங்காத ஒருவரிடம். எட்டாவது வாரம் முடிந்து மறுநாள் காலை வரை நிர்வாகம் அறிவிப்பு ஒட்டவில்லையென்றால், தேர்தல் குழு யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்காமல் மனு வாங்கத் தொடங்கலாம் என்று ஒரு வரி சேர வேண்டும். அந்த ஒரு வரி வராதவரை மற்ற திருத்தங்களைப் பற்றிப் பேச எனக்கு அவசரமில்லை.