அகழிக் கத்தி

முதல் உலகப் போரின் அகழிகளில் துப்பாக்கியே சுமையானது. பயனெட் செருகினால் கிட்டத்தட்ட ஆள் உயரம். அந்தக் குறுகலான மண் சந்துக்குள் அதைத் திருப்பவே இடம் போதாது. கைக்கு அடக்கமான ஒன்று வேண்டியிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் முள்கம்பி வேலியின் இரும்பு முளையைக் காய்ச்சி, ஒரு முனையைக் கூராக அடித்து, மறுமுனையைப் பிடியாக வளைத்துக்கொண்டார்கள். அதற்கு ‘பிரெஞ்சு ஆணி’ என்று பெயர்.

இத்தகைய அகழிக் கத்திகளைச் சேகரிப்பவர்கள் ஏங்கித் தேடுவது அமெரிக்காவின் 1918 மாதிரியை. அதற்கு முந்தைய 1917 கத்தியின் முக்கோண அலகு குத்தும், அறுக்காது. புதியதில் இருபுறமும் கூர். பிடி வெண்கல வார்ப்பு. நான்கு விரல்களுக்கும் தனித்தனி வளையம். அடியில் கூம்பாக ஒரு மரை. பலவற்றின் பிடியிலேயே ‘எல்.எஃப். & சி. 1918’ என்ற எழுத்துகள். கனெக்டிகட்டில் மேசைக் கத்தியும் காபிப் பாத்திரமும் செய்துவந்த லேண்டர்ஸ், ஃப்ரேரி & கிளார்க் கம்பெனியின் முத்திரை அது. சமையலறைக்குச் செய்து பழகிய கைகள்தான் இதையும் செய்தன.

பெரும்பாலானவை களத்துக்குப் போகுமுன் போர் முடிந்துவிட்டது. அடுத்த உலகப் போரில்தான் பாராசூட் வீரர்களின் இடுப்பில் அவை ஏறின.

கையில் கிடைத்தால் ஒன்று மட்டும் செய்யக் கூடாது: புளி போட்டு விளக்குவது. கறுத்த வெண்கலம்தான் அதன் வயதுக்குச் சாட்சி. போலிகள் மலிந்த சந்தையில் பளபளப்பைக் கண்டால் சந்தேகம்தான் வரும்.